நியோபியம், தாண்டலத்துக்கு மலிவு விலை மாற்றா?

உலோகவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரின் கேள்வி இது: "தாண்டலமும் நியோபியமும் ஒரே கனிமத்தில் கிடைக்கின்றன. வேதியியலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பாடத்தில் இருக்கிறது. தாண்டலம் அரிது, விலை அதிகம், நியோபியம் மலிவு. அப்படியானால் எல்லா இடத்திலும் நியோபியத்தையே ஏன் போடக் கூடாது? இந்த இரண்டிலும் இப்போது ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது?"

மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் என்ற உதிரிபாகத்தைத் தாண்டலத்தில் செய்யும் தொழிலில் இருந்தவர்கள் 2000-ஆம் ஆண்டில் இதே கேள்வியைத் தலையைப் பிய்த்துக்கொண்டு கேட்டார்கள். செல்பேசி விற்பனை எகிறிய நேரம் அது. தாண்டலக் கனிமத்தின் விலை சில மாதங்களுக்குள் பல மடங்கு ஏறியது. கிழக்குக் காங்கோவில் கோல்டான் என்று அழைக்கப்படும் கறுப்பு மண்ணைத் தோண்ட ஊர் ஊராக ஆட்கள் கிளம்பினார்கள். ஆயுதக் குழுக்கள் அதில் வரி வசூலித்துப் பிழைத்தன. ஆலைகளுக்கோ தாண்டலப் பொடியே கிடைக்கவில்லை. அப்போது எல்லார் கண்ணும் நியோபியத்தின் மேல் விழுந்தது. பூமியின் மேலோட்டில் தாண்டலத்தைவிட ஏறத்தாழ பத்து மடங்கு கூடுதலாக இருக்கும் உலோகம், பிரேசிலில் மலையளவு இருப்பு, தனிம அட்டவணையில் நேர் மேலே உட்கார்ந்திருக்கும் அண்ணன். ஏன் மாற்றவில்லை?

மாற்றிப் பார்த்தார்கள். ஓரளவுக்குத்தான் முடிந்தது. ஏன் முழுதாக முடியவில்லை என்பதைப் புரிந்துகொண்டால், இந்த இரு உலோகங்களிலும் இன்று நடக்கும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி தானாகப் புரிந்துவிடும். அதனால் கெப்பாசிட்டரிலிருந்தே தொடங்குகிறேன். மின்னணு உதிரிபாகங்கள் ஏன் பழுதாகின்றன என்று அறுத்துப் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். எனக்குத் தாண்டலம் அறிமுகமானதும் அங்கேதான்.

பழைய மடிக்கணினி போர்டு ஏதாவது கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். மஞ்சளாகவோ கறுப்பாகவோ, ஒரு முனையில் பட்டை போட்ட செவ்வகச் சில்லுகள் தெரியும். ஒன்றைப் பிசினில் பதித்துக் குறுக்கே தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், எபாக்சி உறைக்குள் ஒரு சாம்பல் கட்டி இருக்கும். அதன் நடுவில் ஒரு கம்பி செருகியிருக்கும். கட்டி என்று சொன்னாலும் அது கட்டியில்லை, பஞ்சு. தாண்டலப் பொடியைக் கம்பியைச் சுற்றி அழுத்தி, வெற்றிடத்தில் 1,500 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்குவார்கள். மணிகள் உருகாமல், தொடும் இடத்தில் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதைத்தான் சின்டரிங் என்கிறோம். நல்ல பொடியாக இருந்தால் ஒரு கிராமுக்குள் ஒன்றிரண்டு சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கும்.

அந்தப் பஞ்சை நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் முக்கி நேர்மின் அழுத்தம் கொடுத்தால், உள்ளே உள்ள ஒவ்வொரு மடிப்பின் மேலும் தாண்டலம் பென்டாக்சைடு ஒரு தோலாகப் படியும். ஒரு வோல்ட்டுக்கு இரண்டு நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன். 20 வோல்ட் கொடுத்தால் 35 நானோமீட்டர் சொச்சம். தட்டையான தகட்டில் இதைச் செய்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: வோல்ட் ஏற ஏற நிறம் மாறிக்கொண்டே போகும், மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் போல. சாயம் எதுவும் இல்லை. தடிமன்தான் நிறமாகத் தெரிகிறது. இந்தத் தோல்தான் கெப்பாசிட்டரின் மின்காப்புப் படலம். மறுபக்க மின்முனைக்கு மாங்கனீசு நைட்ரேட் கரைசலில் முக்கிச் சுட்டு, மாங்கனீசு டையாக்சைடாக மாற்றுவார்கள். அதன்மேல் கிராஃபைட், வெள்ளிப் பூச்சு. 1950-களில் பெல் ஆய்வகத்தில் உருவான இந்த அமைப்பு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. மாங்கனீசு டையாக்சைடு இருந்த இடத்துக்குப் பல வகைகளில் மின்கடத்தும் பாலிமர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சம்பவம். மூன்று போர்டுகள் எங்களிடம் வந்தன, மூன்றிலும் ஒரே இடம் கரிந்து குழியாகியிருந்தது. அலுமினிய எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் பட்டை எதிர்முனையைக் காட்டும். தாண்டலத்தில் பட்டை நேர்முனையைக் காட்டும். பொருத்தியவர் பழைய பழக்கத்தில் தலைகீழாக வைத்துவிட்டார். தலைகீழ் அழுத்தத்தில் அந்த 35 நானோமீட்டர் தோல் தாங்காது. உடைந்த இடத்தில் சூடேறும், மாங்கனீசு டையாக்சைடு ஆக்சிஜனை விடும், அடியில் இருக்கும் தாண்டலம் அதைப் பற்றிக்கொண்டு எரியும். ஆக்சிஜன் மேல் தாண்டலத்துக்கு உள்ள பசி எவ்வளவு என்று அந்தக் குழிகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒழுங்காகப் பொருத்தினால் அதே பசிதான் தோலை இறுக்கமாக, ஒழுகாமல் வைத்திருக்கிறது. உங்கள் வடிவமைப்பில் மாங்கனீசு வகையைப் போட்டால், எழுதியிருக்கும் வோல்ட்டில் பாதிக்கு மேல் போகாதீர்கள். இந்தத் துறையில் இது எழுதப்படாத சட்டம்.

சரி, இதில் தாண்டலத்துக்குப் பதில் நியோபியம் போட்டால்? காகிதத்தில் எல்லாம் கூடி வருகிறது. ஒரே தடிமனில் எவ்வளவு மின்னூட்டம் சேரும் என்பதைக் காட்டும் எண் மின்காப்பு மாறிலி. நியோபியம் பென்டாக்சைடுக்கு அது 41 வாக்கில், தாண்டலத்துக்கு 27. ஆனால் ஒரு வோல்ட்டுக்கு நியோபியத்தின் தோல் 2.5 நானோமீட்டருக்கு மேல் தடிக்கிறது. பெருக்கி வகுத்தால் கிடைத்த லாபம் முழுவதும் தடிமனில் போய்விடுகிறது. அதுகூடப் பரவாயில்லை, விலை குறைவுதானே என்று விடலாம். உண்மையான சிக்கல் சூட்டில் வருகிறது. போர்டை ஈயப்பற்று உலைக்குள் அனுப்பும்போது 250, 260 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் நியோபியத்தின் தோலிலிருந்து ஆக்சிஜன் அணுக்கள் மெல்ல அடியில் இருக்கும் உலோகத்துக்குள் இறங்கிவிடுகின்றன. தோல் பென்டாக்சைடாக இருந்தது, இப்போது ஆங்காங்கே ஆக்சிஜன் குறைந்த டையாக்சைடு, மோனாக்சைடு கலவையாகிறது. அவை மின்சாரத்தைக் கடத்தும். மின்காப்பை மீறி ஒழுகும் கசிவு மின்னோட்டம் ஏறிவிடும்.

இதற்கு ஒரு அழகான விடை கண்டார்கள். உலோக நியோபியத்துக்குப் பதில், தொடக்கத்திலேயே நியோபியம் மோனாக்சைடுப் பொடியை எடுத்துக்கொள்வது. அது உலோகம் போலவே மின்சாரம் கடத்தும், ஆனால் ஏற்கெனவே ஆக்சிஜனால் வயிறு நிறைந்தது. மேலே உள்ள தோலிலிருந்து அவ்வளவாக உறிஞ்சாது. இந்த வகைக் கெப்பாசிட்டர் சந்தைக்கு வந்தது. தீப்பிடிக்காது என்ற பெரிய நன்மையும் உண்டு. ஆனால் வோல்ட் வரம்பு குறைவு. சிறிய இடத்தில் நிறைய மின்னூட்டம் வேண்டிய இடத்தில் தாண்டலத்தை நெருங்க முடியவில்லை. இதயத்துடிப்பு ஒழுங்காக்கும் கருவியிலும் விண்கலத்திலும் இன்றும் தாண்டலம்தான்.

எனக்குத் தெரிந்தவரை இரு உலோகங்களுக்கும் உள்ள வேறுபாட்டின் வேர் இதுதான். இரண்டும் ஐந்து எலெக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு ஐந்திணைதிறன் நிலையில் இருக்கவே விரும்புகின்றன. லாந்தனைடு குறுக்கத்தால் (தாண்டலம் போன்ற கனமான அணுக்கள் எதிர்பார்த்ததைவிடச் சுருங்கியிருப்பது) அயனிகளின் அளவும் அச்சடித்தாற்போல் ஒன்று. ஆனால் நியோபியம் கொஞ்சம் வற்புறுத்தினால் நாலுக்கோ மூன்றுக்கோ இறங்கி வரும். தாண்டலம் லேசில் இறங்காது. பழைய பகுப்பாய்வு நூல்களில் ஒரு சோதனை உண்டு: அமிலக் கரைசலில் துத்தநாகத்தைப் போட்டால் நியோபியக் கரைசல் நிறம் மாறும், தாண்டலக் கரைசல் அப்படியே இருக்கும். எளிய சோதனை. ஆனால் கீழே நான் சொல்லப்போகும் கியூபிட்டும் (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு) பேட்டரியும் துகள்முடுக்கியும் எல்லாம் அந்தச் சோதனைக்குழாயின் நீட்சிதான்.

இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1801-இல் லண்டனில் சார்ல்ஸ் ஹாட்செட், அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்து வந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரு கறுப்புக் கல்லில் புதுத் தனிமம் கண்டு கொலம்பியம் என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே ஸ்வீடனில் எகெபெர்க் தாண்டலத்தைக் கண்டார். 1809-இல் வொல்லாஸ்டன் இரண்டும் ஒன்றுதான் என்று அறிவித்துவிட்டார். 1844-இல் ஹைன்ரிக் ரோஸ், இல்லை, இரண்டு தனிமங்கள் இருக்கின்றன என்றார். கிரேக்கப் புராணத்துத் தாண்டலஸின் மகள் நியோபியின் பெயரை வைத்தார். 1866-இல் மரிஞாக் இரண்டையும் பிரிக்க ஒரு வழி கண்டார்: பொட்டாசியம் ஃபுளூரைடு கரைசலில் தாண்டலத்தின் உப்பு குறைவாகவே கரையும், முதலில் படிகமாகி விழும். இன்று ஆலைகளில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் கரைத்து, மீதைல் ஐசோபியூட்டைல் கீட்டோன் என்ற கரைப்பானால் பிரிக்கிறார்கள். ஆனாலும் கெப்பாசிட்டர் பொடி செய்யக் கடைசியில் எடுப்பது மரிஞாக் கண்ட அதே பொட்டாசியம் உப்பைத்தான். அதைச் சோடியத்தோடு வினைபுரிய வைத்துப் பொடியாக்குகிறார்கள். நூற்றைம்பது ஆண்டு கடந்தும் ஒரு உப்பு தன் வேலையில் நீடிப்பதை எண்ணினால் எனக்கு மரியாதையாக இருக்கிறது.

நியோபியத்தின் சொந்த வீடு எஃகு. உலகில் ஆண்டுக்கு எடுக்கும் தாண்டலம் 2,000 டன்னுக்குச் சற்று மேல். நியோபியமோ 80,000 டன்னையும் தாண்டும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகில் ஃபெர்ரோநியோபியம் என்ற இரும்புக் கலவையாக எஃகு உருக்குக் கலத்துக்குள் போகிறது. பெரும்பாலும் ஒரே நாட்டிலிருந்து: பிரேசிலின் மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் அராஷா என்ற ஊரில், பைரோகுளோர் என்ற நியோபியக் கனிமத்தைத் தோண்டும் சுரங்கம்தான் உலகத் தேவையின் பெரும்பகுதியைத் தருகிறது. அடுத்து அதே நாட்டின் கட்டலாவோ, கனடாவின் கியூபெக். வேறு பெரிய சுரங்கம் இல்லை.

சேர்க்கும் அளவைப் பாருங்கள்: ஒரு டன் எஃகுக்கு 300 கிராம் இருந்தால் பல தரங்களுக்குப் போதும். சாம்பாரில் போடும் பெருங்காயம் போல. அது என்ன செய்கிறது? தகட்டைச் சூடாக உருட்டும்போது ஒவ்வொரு முறையும் படிக மணிகள் நசுங்கும். சாதாரண எஃகில் அடுத்த உருளைக்குப் போவதற்குள் அவை மீண்டும் உருண்டு பெரிதாகிவிடும். நியோபியம் இருந்தால், கார்பனோடும் நைட்ரஜனோடும் சேர்ந்து நானோமீட்டர் அளவுத் துகள்களாக மணிகளின் எல்லையில் உட்கார்ந்துகொண்டு அவற்றை வளரவிடாது. நசுங்கிய நிலையிலேயே குளிர்ந்து, மிகச் சிறிய மணிகளாகப் பிரியும். எஃகை வலுவாக்கும் மற்ற வழிகள் எல்லாம் அதை உடையக்கூடியதாகவும் ஆக்கும். மணியைச் சிறிதாக்குவது ஒன்றுதான் வலுவையும் முறியாமையையும் சேர்த்தே தருவது. 1958-இல் அமெரிக்காவில் கிரேட் லேக்ஸ் ஸ்டீல் இதை முதலில் வணிகமாக விற்றது. இன்று எரிவாயுக் குழாய்களுக்கான எக்ஸ்-70, எக்ஸ்-80 தரங்களும் கார் உடற்பகுதிகளும் இதன் மேல்தான் நிற்கின்றன. இங்கே தாண்டலத்துக்கு வேலையே இல்லை. செய்யும் என்றாலும் 2,000 டன்னை வைத்துக்கொண்டு உலக எஃகுக்கு எங்கே போவது?

ஜெட் என்ஜினில் இரண்டும் உண்டு, ஆனால் வேறு வேறு அறையில். சுழல் வட்டுகளில் போடும் இன்கோனெல் 718 என்ற நிக்கல் கலவையில் ஐந்து விழுக்காட்டுக்கு நியோபியம் இருக்கிறது. நிக்கலோடு சேர்ந்து அதுதான் வலுவூட்டும் படிவைத் தருகிறது. அதைவிடச் சூடான இடத்தில் நிற்கும் ஒற்றைப்படிக இலைகளுக்குத் தாண்டலம் போகிறது. சிஎம்எஸ்எக்ஸ்-4 கலவையில் 6.5 விழுக்காடு. ராக்கெட் முனைக்குழலில் சி-103 என்ற கலவை: நியோபியத்தோடு பத்து விழுக்காடு ஹாஃப்னியம், ஒரு விழுக்காடு டைட்டானியம். அப்போலோ காலத்திலிருந்து இருக்கிறது. நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்திலும் இதுதான் இருந்தது. 2025-இல் இஸ்ரோ அதற்குப் பதில் ஸ்டெல்லைட் எனப்படும் கோபால்ட் கலவையில் செய்த முனைக்குழலை மகேந்திரகிரியில் எரித்துச் சோதித்து வெற்றி கண்டது. இறக்குமதிப் பொருளுக்கு மாற்று, செலவில் 90 விழுக்காடு மிச்சம் என்று அறிவித்தது. "நியோபியம் மலிவு" என்று நீங்கள் எழுதியதற்கு இதுவும் ஒரு பதில். ஃபெர்ரோநியோபியம் மலிவு. ராக்கெட் தரத்து நியோபியத் தகடு மலிவே அல்ல.

இனி ஆராய்ச்சி. முதலில் மீக்கடத்திகள், அதாவது கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் கடத்தும் பொருள்கள். சாதாரண அழுத்தத்தில், தனிமங்களிலேயே உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்தியாவது நியோபியம்: 9.25 கெல்வின். ஜெனீவாவின் 27 கிலோமீட்டர் மோதுவளையத்தில் 1,232 இருமுனைக் காந்தங்களும் நியோபியம்–டைட்டானியக் கம்பியில் சுற்றியவை. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் இருப்பதும் அதே கம்பி. பிரான்சில் எழும் ஐட்டர் அணுக்கரு இணைவு உலைக்கு நியோபியம்–வெள்ளீயக் கம்பி மட்டும் ஏறத்தாழ 1,00,000 கிலோமீட்டர் நீளத்துக்கு உற்பத்தியானது. அந்தச் சேர்மம் கண்ணாடி போல நொறுங்கும். அதனால் முதலில் சுருளாகச் சுற்றிவிட்டு, பிறகு 650 டிகிரியில் நாட்கணக்கில் சுட்டுச் சேர்மமாக்குகிறார்கள். பச்சை மண்ணில் பானையை வனைந்துவிட்டுச் சூளையில் வைப்பதுபோலத்தான்.

இதைவிட எனக்குப் பிடித்த கதை துகள்முடுக்கியின் நியோபியக் குழிவறைகள். மணிகள் கோத்த மாலை போல, ஒன்பது வீங்கிய அறைகள் வரிசையாக இணைந்த வெள்ளிநிறக் குழாய். ஹாம்பர்க்கில் ஐரோப்பிய எக்ஸ்-கதிர் லேசருக்கு ஏறத்தாழ 800 இருக்கின்றன. நுண்ணலை ஆற்றல் இவற்றுக்குள் எதிரொலித்தபடி எலெக்ட்ரானைத் தள்ளும். மின்னோட்டம் ஓடுவது உட்சுவரின் மேற்பரப்பில் நூறு நானோமீட்டருக்குள் மட்டும். ஆக மறுபடியும் தோல்தான் கதாநாயகன். இந்த முறை வில்லனாக. காற்றுப் பட்டதும் நியோபியத்தின் மேல் ஐந்து நானோமீட்டர் ஆக்சைடு வந்துவிடும், அது ஆற்றலைத் தின்னும். 2013 வாக்கில் ஃபெர்மி ஆய்வகத்தில் அன்னா கிராசெலினோ குழுவினர், உலையில் கொஞ்சம் நைட்ரஜனை உள்ளே விட்டால் இழப்பு வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். கலிஃபோர்னியாவில் 2023-இல் ஒளிவிடத் தொடங்கிய எல்சிஎல்எஸ்-2 என்ற எக்ஸ்-கதிர் லேசர் இந்த முறையில் செய்த குழிவறைகளோடு இயங்குகிறது. அவற்றுக்கு விதித்த தரக்காரணி (ஆற்றல் இழப்பு குறையக் குறைய ஏறும் எண்) 2,700 கோடி. பிறகு 2020-இல் இன்னும் எளிய வழி வந்தது: வெற்றிடத்தில் 300 முதல் 400 டிகிரி வரை சூடாக்கு, போதும். ஆக்சைடுத் தோல் கரைந்து, ஆக்சிஜன் உலோகத்துக்குள் இறங்கிவிடும், மேற்பரப்பு சுத்தமாகும்.

கவனித்தீர்களா? கெப்பாசிட்டரைக் கெடுத்த அதே நிகழ்வு. ஆக்சிஜன் தோலிலிருந்து உள்ளே இறங்குவது. அங்கே பழுது, இங்கே மருந்து. நம் நாட்டிலும் டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும் இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்திலும் நியோபியக் குழிவறைகளை எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைத்துச் செய்கிறார்கள். உங்களுக்கு மேற்பரப்பு அறிவியலில் ஆர்வம் இருந்தால் இந்த இரண்டு இடங்களையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

குவாண்டம் கணினியில் கதை திரும்புகிறது. மீக்கடத்திக் கியூபிட்டுகளின் சுற்றுகளை நீண்ட காலமாக நியோபியத்திலோ அலுமினியத்திலோ செய்துவந்தார்கள். 2021-இல் பிரின்ஸ்டனில் ஆண்ட்ரூ ஹௌக், நத்தலி டி லியோன், ராபர்ட் காவா ஆகியோரின் குழுக்கள் நியோபியத்தை எடுத்துவிட்டுத் தாண்டலத்தைப் போட்டன. கியூபிட்டின் ஆயுள், அதாவது அது தன் தகவலை இழக்காமல் வைத்திருக்கும் நேரம், 0.3 மில்லி நொடியைத் தாண்டியது. 2025 நவம்பரில் அதே பல்கலைக்கழகம், அடியில் இருந்த நீலக்கல் தகட்டுக்குப் பதில் உயர்மின்தடைச் சிலிக்கனைப் போட்டு, ஒரு மில்லி நொடியையும் கடந்துவிட்டது. மீக்கடத்தி வெப்பநிலையில் தாண்டலம் நியோபியத்தில் பாதிகூட இல்லை, 4.4 கெல்வின்தான். ஆனாலும் வென்றது. காரணம் அதே துத்தநாகச் சோதனை: நியோபியத்தின் தோல் பென்டாக்சைடு, டையாக்சைடு, மோனாக்சைடு என்று கலந்துகட்டியது, அந்தக் குழப்பத்தில் ஆற்றலை உறிஞ்சும் குறைகள் நிறைய. தாண்டலத்தின் தோல் பெரும்பாலும் ஒரே பென்டாக்சைடு. தவிரவும், கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கொடும் கரைசலில் கழுவினாலும் தாண்டலம் அசையாது, அழுக்கு மட்டும் போய்விடும். ஒரு எச்சரிக்கை: படலமாகப் படியவைக்கும்போது ஆல்ஃபா, பீட்டா என இரண்டு படிக வடிவங்கள் வரும். வேண்டியது ஆல்ஃபா. பீட்டா ஒரு கெல்வினுக்கும் கீழேதான் மீக்கடத்தியாகும்.

பேட்டரியில் நியோபியத்தின் இளகிய மனம் அப்படியே பலமாகிவிடுகிறது. லித்தியம் அயனி உள்ளே வர வேண்டுமென்றால், வாங்கும் உலோகம் எலெக்ட்ரானை ஏற்று ஐந்திலிருந்து நாலுக்கும் மூன்றுக்கும் இறங்க வேண்டும். நியோபியம் இறங்கும், அதுவும் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடாத பாதுகாப்பான மின்னழுத்தத்தில். 2011-இல் குட்இனஃப் குழு முன்வைத்த டைட்டானியம் நியோபியம் ஆக்சைடு, ஒரு கிராமுக்கு 387 மில்லி ஆம்பியர்-மணி வரை தாங்கும் என்பது கணக்கு. வேகச் சார்ஜுக்குப் பெயர் பெற்ற லித்தியம் டைட்டனேட்டுக்கு 175 மட்டுமே. 2018-இல் கேம்பிரிட்ஜில் கிளேர் கிரே குழு நியோபியம் டங்ஸ்டன் ஆக்சைடுகளில் லித்தியம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து காட்டியது. துகள்களை நானோ அளவுக்கு அரைக்கவே தேவையில்லை, படிகத்துக்குள்ளேயே அகலமான சாலைகள் இருக்கின்றன. 2024 ஜூனில் தோஷிபா, சோஜிட்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனங்களும் அராஷா சுரங்கத்தை நடத்தும் சிபிஎம்எம்மும் சேர்ந்து அதே அராஷா ஊரில் ஒரு மாதிரி மின்பேருந்தை ஓட்டிக் காட்டின. சார்ஜ் ஆக ஏறத்தாழ பத்து நிமிடம். இதில் நான் நம்பிக்கையோடு இருக்கிறேன், ஆனால் எல்லாக் காருக்கும் இது வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கிராஃபைட்டைவிட மின்னழுத்தம் இழக்கிறது, விலையும் கூடுதல். ஒரே தடத்தில் நாள் முழுவதும் ஓடி நிலையத்தில் நிற்கும் பேருந்துக்கும் சுரங்க லாரிக்கும் பொருத்தம்.

அதே பேட்டரியின் இன்னொரு மூலையில் தாண்டலம் காத்திருக்கிறது. அயனிகள் கடந்து செல்லும் ஊடகமான மின்பகுளி, திரவம் இல்லாமல் திடநிலையில் வேண்டும் என்ற தேடலில், 2003-இல் ஜெர்மனியின் கீல் நகரில் வெங்கடராமன் தங்கதுரையும் வெப்னரும், லித்தியம், லாந்தனம் இவற்றோடு நியோபியமோ தாண்டலமோ சேர்ந்த கார்னெட் படிகத்தில் லித்தியம் அயனி வேகமாக நகர்வதைக் கண்டார்கள். 2007-இல் ராமசாமி முருகன் அவர்களோடு சேர்ந்து சிர்கோனியம் வகையைத் தந்தார். இன்று எல்எல்இசட்ஓ என்று உலகமே பேசும் பொருள் அதுதான். முருகன் பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இருந்து அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அந்தப் படிகத்தை நிலைநிறுத்தக் கொஞ்சம் நியோபியமோ தாண்டலமோ சேர்ப்பது வழக்கம். லித்தியம் உலோகத்தை நேரடியாகத் தொடும் இடத்தில் எதைச் சேர்ப்பீர்கள்? இவ்வளவு தூரம் படித்தவருக்கு விடை தெரிந்திருக்கும். நியோபியத்தை லித்தியம் கீழே இறக்கிவிடும், தொடும் பகுதி மெல்லக் கெடும். தாண்டலம் அசைந்து கொடுக்காது.

இன்னும் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சில்லுக்குள் தாமிரக் கம்பி சிலிக்கனுக்குள் ஊறிவிடாமல் தடுக்கும் சில நானோமீட்டர்ச் சுவர் தாண்டலமும் தாண்டலம் நைட்ரைடும். 2025 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டிலிருந்து, ஐந்து நானோமீட்டருக்கும் மெல்லிய நியோபியம் பாஸ்ஃபைடு படலம் அதே தடிமனில் தாமிரத்தைவிட நன்றாகக் கடத்துகிறது என்ற முடிவு வந்தது; ஒழுங்கான படிகம்கூட வேண்டாம், 400 டிகிரியில் படியவைக்கலாம் என்பதுதான் சில்லுத் தொழிலுக்கு இனிப்பான செய்தி. 2025 மார்ச்சில், தாமிரத்தில் மூன்று விழுக்காடு தாண்டலமும் அரை விழுக்காடு லித்தியமும் சேர்த்த கலவை 800 டிகிரியில் 10,000 மணி நேரம் வைத்தும் தன் நுண்ணமைப்பை இழக்கவில்லை என்று லீஹை பல்கலைக்கழகத்தினரும் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தினரும் காட்டினார்கள். 2024-இல் பெர்க்லியில் நியோபியம், தாண்டலம், டைட்டானியம், ஹாஃப்னியம் நாலும் சேர்ந்த கலவை, திரவ நைட்ரஜன் குளிரிலிருந்து 1,200 டிகிரி வரை விரிசலை எதிர்த்து நின்றது. இருவரும் ஒரே கலவையில் தோள்சேரும் அரிய இடம் அது. ஒளியியலில் லித்தியம் நியோபேட் படலங்களும், 2024-இலிருந்து லித்தியம் தாண்டலேட்டும் போட்டியிடுகின்றன. இதுவே தனியாக எழுத வேண்டிய கதை.

நம் ஊர் நிலவரமும் கேட்பீர்கள். திருப்பத்தூர் அருகே சேவத்தூர் கார்பனட்டைட் பாறையில் நியோபியம் கொண்ட பைரோகுளோர் கனிமம் இருப்பது நிலவியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். அதோடு யுரேனியமும் சேர்ந்திருப்பதால் நினைத்தவுடன் தோண்டிவிட முடியாது. 2023 ஜூனில் ஒன்றிய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. அதே ஆண்டு அக்டோபரில் நியோபியத்துக்கு மூன்று விழுக்காடு உரிமத்தொகை நிர்ணயித்தார்கள். ஹைதராபாத்தின் அணு எரிபொருள் வளாகம் சிறிய அளவில் இரு உலோகங்களையும் உற்பத்தி செய்கிறது.

காங்கோவைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 2010-இல் அமெரிக்கா சட்டம் போட்டு, தாண்டலம் எங்கிருந்து வருகிறது என்று நிறுவனங்கள் சொல்ல வேண்டும் என்றது. 2024-இல் உலகக் கோல்டானில் 15 விழுக்காடு தரும் வடக்குக் கிவுவின் ருபாயா, எம்-23 கிளர்ச்சிக் குழுவின் கைக்குப் போனது. தூக்கி எறிந்த கருவிகளிலிருந்து தாண்டலத்தை மீட்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2011-இல் கணக்கிட்டது. பொடியாக, பட்டாணிக்கும் சிறிய கட்டியாக, எபாக்சிக்குள் மூடிக் கிடப்பதைப் பிரித்தெடுப்பது கடினம்தான். ஆனால் மண்ணுக்குள் மனிதர் கையால் தோண்டுவதைவிடவா கடினம்? உலோகவியல் படிக்கும் ஒருவர் இறங்க வேண்டிய ஆராய்ச்சி என்றால் என் பட்டியலில் கியூபிட்டுக்கும் முன்னால் இதுதான் வரும்.

படித்ததைக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் துறையில் இரு உலோகங்களின் தகட்டுத் துண்டுகள் விரல்நக அளவுக்கு வாங்கித் தரச் சொல்லுங்கள். நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் இரண்டையும் 20 வோல்ட்டில் ஆனோடைஸ் செய்யுங்கள், அதாவது மேலே சொன்னபடி நேர்மின் அழுத்தம் கொடுத்துத் தோல் வளர்த்துங்கள். இரண்டிலும் நிறம் வேறாக வரும், ஏனென்று இப்போது உங்களுக்குத் தெரியும். கசிவு மின்னோட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டையும் 260 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து எடுத்து, மறுபடி அதே அமிலத்தில் அளந்து பாருங்கள். ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தின் பக்கம் மட்டும் மேற்பார்வை இல்லாமல் போகாதீர்கள். நியோபியத் துண்டின் இரண்டாவது அளவு எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.